சந்தனப் பொட்டு வைத்த ராடார்

இத்தாலியில், இந்தப் பலெர்மோவில் சொந்தமாகக் கார் வைத்திருக்கிற நம்மவர்கள் ஒரு இருபது பேர் இருப்பார்கள். மாதத்துக்கு ஒருவராவது என்னை மறித்து, ஜெர்மனியில் விற்கிற அந்த ராடார் பெட்டி வாங்கலாமா, பொலிஸ் வேகம் பிடிக்க நிற்பதை அது முன்கூட்டியே சொல்லிவிடுமாமே என்று கேட்கிறார். என்னிடம் காரும் இல்லை, லைசென்சும் இல்லை. நான் மாடிப்படி கழுவுகிறவன். நகுலேஸ்வரனின் கூட்டாளி என்பதற்காகத்தான் என்னைக் கேட்கிறார்கள். அவனைக் கேட்டால் சிகரெட் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவான். துண்டு துண்டாகச் சொல்லி எனக்கும் அலுத்துவிட்டது. இந்த ஒரு தடவை முழுவதையும் சொல்லிவிடுகிறேன், இனி யாரும் கேட்க வேண்டாம்.

நகுலேஸ்வரன் ஊரில் மினிவான் ஓட்டியவன். எண்பத்தொன்பதில் இங்கே வந்தான். வந்து நாலு வருடம் ஒரு வாகனத்தையும் தொடவில்லை. சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவினான், படுக்கையில் கிடந்த ஒரு கிழவருக்கு உடம்பு துடைத்தான். ஊர் லைசென்சு இங்கே செல்லாது. இத்தாலிய மொழியில் சோதனை எழுத வேண்டும். சீசா என்கிற பகுதியில் அவர்கள் இருந்த வீட்டின் குசினிச் சுவர் முழுக்க அவனுடைய மனைவி குகனேஸ்வரி வீதிக் குறிகளை வெட்டி ஒட்டினாள். அவளுக்கு அந்த மொழி வாசிக்கத் தெரியாது. படத்தைக் காட்டி இது என்ன என்று தமிழில் கேட்பாள், அவன் இத்தாலிய மொழியில் சொல்ல வேண்டும். புட்டு அவித்துக்கொண்டே கேட்பாள், உடுப்புத் தோய்த்துக்கொண்டே கேட்பாள். இரண்டு தடவை சோதனையில் விழுந்தான். மூன்றாவது தடவை, தொண்ணூற்று மூன்றில், சித்தியடைந்தான். மூன்றாக மடிக்கிற அந்த றோஸ் நிற லைசென்சை அவள் ஒரு கிழமை பிள்ளையார் படத்துக்குக் கீழே வைத்து, மூலையில் ஒரு சந்தனப் பொட்டும் வைத்தாள். அவள் அப்படித்தான். வீட்டுக்குள் புதிதாக எது வந்தாலும், அது சோறு ஆக்குகிற மின்சாரப் பானையானாலும் சரி, பொட்டு வைக்காமல் பாவிக்கமாட்டாள்.

அந்த லைசென்சினால் அவனுக்கு ஒரு வக்கீல் வீட்டில் வேலை கிடைத்தது. இங்கே அவொக்காத்தோ என்பார்கள். நாங்கள் எங்களுக்குள் அப்புக்காத்தர் என்போம். பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பக்கத்தில், நான் படி கழுவுகிற அதே கட்டடத்தில் அவருக்கு மூன்றாம் மாடியில் வீடு, இரண்டாம் மாடியில் கந்தோர். எங்கள் ஆட்களில் ஒரு இத்தாலியக் குடும்பத்துக்குச் சாரதியாகப் போனதில் எனக்குத் தெரிந்து நகுலேஸ்வரன்தான் முதல் ஆள். எல்லோரும் எசமானியம்மாவைச் சொல்லி, சிஞ்ஞோரா வீட்டில் வேலை என்று சொல்லும்போது அவன் மட்டும் ட்ரைவர் என்று சொன்னான். காலர் வைத்த சேட்டை மடிப்புக் கலையாமல் போட்டான். அவனைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. அவனுடைய பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கக் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோருக்குப் போனாலும், வேலை என்ற இடத்தில் சாரதி என்றுதான் எழுதியிருந்தது.

அந்த அப்புக்காத்தர் கெட்ட மனுசன் என்று நான் சொல்லமாட்டேன். பிந்துகிற மனுசன். செவ்வாயும் வியாழனும் காலையில் றோமுக்குப் பறப்பார். ஆறு மணிக்கு வீட்டை விட்டால் நிதானமாக விமான நிலையம் போகலாம். அவர் இறங்கி வர ஆறரை ஆகும். கோப்பி வாசத்தோடு வருவார், பின் சீற்றில் ஏறுவார், பத்திரிகையை விரிப்பார். பிறகு அதற்குப் பின்னாலிருந்து "ஃபோர்த்தே, நாக்கு, ஃபோர்த்தே" என்பார். வேகமாகப் போ என்று அர்த்தம். நகுலேஸ்வரன் என்ற பெயரை அவருடைய வாய் நாக்கு என்று சுருக்கி வைத்திருந்தது.

வேகத்துக்கு இரண்டு தண்டம் வந்தது. இரண்டாவது வந்த அன்று அப்புக்காத்தர் அவனைக் கந்தோருக்குள் கூப்பிட்டு இருக்கச் சொல்லி, மிகவும் மரியாதையாகப் பேசினார். கார் என் பெயரில்தான் இருக்கிறது, ஆனால் கால் உன்னுடையது என்றார். வேகம் எல்லையை நாற்பதுக்கு மேல் தாண்டினால் லைசென்சைத் தூக்கிவிடுவார்கள், அப்படி நடந்தால் நான் வேறு ஆள் பார்க்கத்தான் வேண்டும் என்றார். அடுத்த செவ்வாய் ஆறு முப்பத்தைந்துக்கு இறங்கி வந்து "ஃபோர்த்தே" என்றார்.

அவரை நேரத்துக்கு வரச் சொல்லு என்று நான் நகுலேஸ்வரனுக்குச் சொன்னேன். வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். அவன் என்னைப் பார்க்காமல் காரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பதில் சொன்னான்.

"அவருக்கு நேரம் சொல்ல நான் ஆர், அகஸ்ரின்?"

நானும் அப்படித்தான். இந்த ஊரில் பதினொரு வருடம் படி கழுவுகிறேன். ஈரம் காயும்வரை நில்லுங்கள் என்று ஒருவரிடமும் நான் சொன்னதில்லை.

அப்போதுதான் கோபாலசிங்கம் டெலிபோனில் அந்தப் பெட்டியைப் பற்றிச் சொன்னான். குகனேஸ்வரியின் தமையன், ஜெர்மனியில் பாக்டரி வேலை. அவன் எதைச் சொன்னாலும் கடைக்காரன் சொல்வது மாதிரி இருக்கும். கார்க் கண்ணாடியில் ஒட்டிவிட்டால் போதும், பொலிஸ் ராடார் ஒரு கிலோமீற்றருக்கு அப்பால் நிற்கும்போதே கத்தத் தொடங்கிவிடும், தன்னை மூன்று வருடமாக ஒருத்தனும் பிடிக்கவில்லை என்றான். நகுலேஸ்வரன் சம்பளத்தில் பாதிக்கு மேல் அனுப்பினான். கலியாணம் ஒன்றுக்கு இங்கே வந்த ஆள் மூலம் பெட்டி வந்து சேர்ந்தது. சவர்க்காரக் கட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. கறுப்பு. முன்பக்கத்தில் ஒரு சின்னக் கண்ணாடி இருந்தது.

வெள்ளிக்கிழமை என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நான் மன்னார்க் கத்தோலிக்கன், ஆனால் அவர்கள் வீட்டு வடைக்கு எந்தச் சமயமும் தடையில்லை. குகனேஸ்வரி தேசிக்காய் வெட்டி, கற்பூரம் காட்டி, அந்தப் பெட்டியைப் பிள்ளையாருக்கு முன்னால் வைத்தாள். எது அதன் நெற்றி என்று கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு முன்னாலிருந்த கண்ணாடியில் சந்தனத்தைக் குழைத்து வைத்து, அதற்கு நடுவில் குங்குமமும் வைத்தாள். நாங்கள் மூவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். ஒருவருக்கும் அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு வியாழன் பின்னேரமும் அவன் பெட்டியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவருவான், வெள்ளி அவள் பழைய பொட்டின்மேல் புதுப் பொட்டு வைப்பாள்.

அந்தப் பெட்டி கத்தியது, இல்லையென்று சொல்ல முடியாது. பொலிதேயாமாவில் சப்பாத்துக்கடை ஒன்றுக்குத் தானாகத் திறக்கிற கதவு இருந்தது. அதைக் கண்டு கத்தியது. வங்கிக் கதவைக் கண்டு கத்தியது. சீசாவில் சுப்பர் மார்க்கெட்டைக் கடக்கும்போது தொண்டை கிழியக் கத்தியது. விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவுகள் வரிசையாக இருந்தபடியால் அங்கே வாயே மூடவில்லை. ஒவ்வொரு தடவையும் நகுலேஸ்வரன் பிரேக்கை மிதிக்க, பின்னால் வெஸ்பாவில் வந்தவர்கள் அவனுடைய தாயையும் தகப்பனையும் விசாரித்தார்கள். மாஃபியாக் கொலைகளுக்குப் பிறகு தெருமுனைகளில் அந்த நாட்களில் ஆமி நின்றது. அவர்கள் கண்ணில் பட்டால் பறித்துவிடுவார்களோ என்று பயந்து, அங்கே வரும்போது பெட்டியின்மேல் துவாய் போட்டு மூடுவான். ஊரில் செக்பொயின்ற், இங்கேயும் செக்பொயின்ற், இப்போது மறைப்பதற்கு ஒரு சாமானும் சேர்ந்துவிட்டது என்று ஒரு நாள் சொன்னான். சிரித்துக்கொண்டு சொல்லவில்லை.

பெரிய வீதியில் மட்டும் அது சத்தம் போடவில்லை. ஒரு கிழமை, இரண்டு கிழமை, ஐந்து கிழமை. தண்டமும் வரவில்லை. ஒன்றும் நடக்காத நாளெல்லாம் பெட்டியின் புண்ணியத்தில் சேர்ந்தது. எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான். முன்பு அப்புக்காத்தர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் அவன் பயத்தில் ஒரு அளவோடுதான் ஓட்டினான். பெட்டி வந்த பிறகு, அது கத்தாவிட்டால் முன்னால் யாரும் இல்லை என்று நம்பினான். அவரே பத்திரிகையிலிருந்து தலையை நிமிர்த்திப் பார்க்கிற வேகத்தில் போனான். ஒரு நாள் அவர் இறங்கும்போது தோளில் தட்டி "பிராவோ" என்றாராம். அதை என்னிடம் இரண்டு தரம் சொன்னான்.

பிறகு கடிதம் வந்தது. வளைவுக்கு முன்னால் பலகையில் தொண்ணூறு, கார் போனது நூற்று முப்பத்தெட்டில். ஓட்டியவர் யார் என்று கேட்டிருந்த தாளுக்கு அப்புக்காத்தர் அன்றைக்கே பெயர் எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டார். லைசென்சு இரண்டு மாதம் பறிபோனது. வேலையிலிருந்து உடனே நிறுத்தவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். லைசென்சு திரும்பி வந்ததும் பார்ப்போம், அதுவரை அகஸ்ரினோடு சேர்ந்து படியும் கந்தோரும் துடை என்றார். காலர் வைத்த சேட்டோடு அவன் என் பக்கத்தில் வந்து நின்றான். நான் அவனுக்குத் தும்புத்தடியைக் கொடுத்தேன்.

அன்று பின்னேரமே கோபாலசிங்கத்துக்கு டெலிபோன் எடுத்தான். பெட்டியின் கண்ணாடியை ஏதாவது மறைத்ததா என்று கோபாலசிங்கம் கேட்டான். சந்தனம் என்று நகுலேஸ்வரன் சொன்னான். அந்தப் பக்கத்தில் சிரித்த சிரிப்பு அறைக்குள் நின்ற எல்லோருக்கும் கேட்டது. கண்ணைப் பூசி மூடிவிட்டுப் பார் பார் என்றால் அது எப்படிப் பார்க்கும் என்றான். சொந்தத் தமையன் சொன்னது. குகனேஸ்வரி குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நகுலேஸ்வரன் அவளைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் நல்லது. டெலிபோனை வைத்துவிட்டு, "எல்லாத்துக்கும் ஒரு பொட்டு" என்று மட்டும் சொன்னான். அதன் பிறகு அவளோடு பேச்சைக் குறைத்துக்கொண்டான். புதிதாக வாங்கிய இஸ்திரிப் பெட்டியை அவள் பொட்டு வைக்காமலே பாவிக்கத் தொடங்கினாள்.

அந்தக் கிழமைக் கடைசியில் நானும் அவனும் பஸ் ஏறிப் பிரான்காச்சோவுக்குப் போனோம். அங்கே பினோ என்று கார்களின் மின்சார வேலை செய்கிற ஒருவர். பெட்டியைத் துப்புரவாக்கிச் சரி பார்த்துத் தந்தால் விற்றுவிடலாம் என்பது நகுலேஸ்வரனின் எண்ணம். பினோ சந்தனத்தை நகத்தால் சுரண்டி மணந்து பார்த்தார். பிறகு பெட்டியைத் திருகிக் கழற்றினார். பழுது ஒன்றும் இல்லை, நல்ல சாமான் என்றார். ஆனால் இது றேடியோ அலையைக் கேட்கிற சாமான், அதனால்தான் கடைக் கதவுகளுக்குக் கத்துகிறது. இந்த வீதியில் பொலிஸ் வைக்கிற பெட்டி அலை எதையும் வீசுவதில்லை. அது வீதிக்குக் குறுக்கே இரண்டு ஒளிக்கோடு போட்டிருக்கும், கார் ஒன்றைத் தாண்டி மற்றதைத் தாண்ட எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று கணக்குப் பார்த்துப் படம் பிடிக்கும். உன்னுடைய பெட்டிக்குக் கேட்பதற்கு அங்கே ஒன்றுமே இல்லை என்றார்.

கண்ணாடியில் சந்தனம் இருந்தால் என்று நகுலேஸ்வரன் கேட்டான். சந்தனம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்றார் பினோ. இதை வாங்க வேண்டும் என்று உனக்கு யார் சொன்னது என்றும் கேட்டார். பொலிஸ் கண்டால் பறித்துக்கொண்டு கேள்வியும் கேட்கும், வீட்டிலே வை என்று சொல்லித் திரும்பப் பூட்டிக் கொடுத்தார். கூலி வாங்கவில்லை.

பஸ்ஸில் திரும்பி வரும்போது நகுலேஸ்வரன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதை இவவுக்குச் சொல்லாதை," என்றான்.

ஏன் என்று எனக்கு விளங்கியது. சந்தனம் பிழை என்றால் அது அவளுடைய பிழை. சந்தனம் பிழை இல்லையென்றால் பெட்டியை வாங்கியவனும் அதை நம்பி மிதித்தவனும் அவன். ஒரே மாதத்தில் லைசென்சும் போய்த் தும்புத்தடியும் கைக்கு வந்த மனுசனுக்கு அதையும் சுமக்க அலுப்பாக இருந்தது. நான் தலையை ஆட்டினேன். அப்படி ஆட்டியது என்னுடைய பிழை, அதை நான் மறைக்கவில்லை.

இரண்டு கிழமை கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மலைக்கு ஏறினோம். சாந்தா றொசாலியாவின் குகைக் கோயிலுக்கு நம்மவர்கள் சைவம் கத்தோலிக்கம் பார்க்காமல் நடந்தே ஏறுவது வழக்கம். குகனேஸ்வரி செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஏறினாள். கல் வழியில் நகுலேஸ்வரன் முன்னால் போய்விட, அவள் என்னிடம் மெல்லக் கேட்டாள்.

"அகஸ்ரின் அண்ணை, சந்தனம் மறைச்சதாலைதான் அவரின்ரை லைசென்சு போனதோ? நீங்கள் உண்மையைச் சொல்லுங்கோ."

நான் ஒரு கத்தோலிக்கன், புனிதையின் கோயிலுக்குப் போகிற வழியில் நின்றேன். எனக்குத் தெரியாது தங்கச்சி என்று சொன்னேன். அவள் ஓம் என்று தலையாட்டிவிட்டு நடந்தாள். அன்று குகைக்குள் நான் மெழுகுதிரி கொளுத்தவில்லை. கொளுத்த மனம் வரவில்லை.

அதற்கிடையில் கட்டடத்தில் இன்னொன்று நடந்தது. நாங்கள் காலை ஐந்தரைக்குப் படி துடைக்கத் தொடங்குவோம். சாரதி இல்லாதபடியால் அப்புக்காத்தர் தானே காரை ஓட்டத் தொடங்கியிருந்தார். முதல் செவ்வாய் ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மேலே கதவு திறந்தது. சவரம் செய்து, கழுத்துப்பட்டி கட்டி, கையில் கார்த் திறப்போடு இறங்கி வந்தார். ஈரமான படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு கவனமாகக் கால் வைத்தார், எங்களுக்குக் காலை வணக்கம் சொன்னார், போனார். வியாழன் ஆறுக்குப் பத்து நிமிடம். அதற்கடுத்த கிழமையும் அப்படித்தான். இரண்டு மாதத்தில் ஒரு நாள்கூட ஆறைத் தாண்டவில்லை. இப்போது கால் அவருடையது, லைசென்சும் அவருடையது. நகுலேஸ்வரன் ஒவ்வொரு தடவையும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பான், பிறகு வாளித் தண்ணீரைப் பார்ப்பான். வாய் திறந்தது நான்தான். என்ன சொன்னேன் என்பதை எழுத முடியாது.

இரண்டு மாதம் முடிந்து லைசென்சு திரும்பி வந்தது. அப்புக்காத்தர் திறப்பைக் கொடுத்து, செவ்வாய் ஆறு மணிக்கு என்றார். நகுலேஸ்வரன் ஐந்தரைக்கே சேட்டைப் போட்டுக்கொண்டு காருக்குப் பக்கத்தில் நின்றான். பெட்டியைக் கொண்டுவரவில்லை. ஆறு மணி ஆனது. ஆறேகால் ஆனது. ஆறு முப்பத்தெட்டுக்கு அவர் கோப்பி வாசத்தோடு இறங்கி வந்தார். நான் கீழ்ப்படியில் நின்று கார் போவதைப் பார்த்தேன்.

நடந்ததை அவன் பிறகு சொன்னான். பெரிய வீதியில் ஏறியதும் "ஃபோர்த்தே, நாக்கு" என்றார். அவன் பலகையில் இருந்த வேகத்தில் போனான். திரும்பவும் சொன்னார். அதே வேகத்தில் போனான். மூன்றாவது தடவை சொன்னபோது, கண்ணாடி வழியாக அவரைப் பார்த்து, தனக்குத் தெரிந்த இத்தாலிய மொழியில் சொன்னானாம்: "அவொக்காத்தோ, நீங்கள் ஓட்டின நாளெல்லாம் ஆறு மணிக்கு முன்னாலை இறங்கி வந்தீங்கள். நான் பார்த்தன்." அவர் பத்திரிகையை மடித்தார். விமானம் போய்விட்டது. அவரைத் திரும்ப வீட்டுக்கே கொண்டுவந்து விட்டான்.

பின்னேரம் அவருடைய சிஞ்ஞோரா அவனைக் கூப்பிட்டு, இனி மருமகன் காரைப் பார்த்துக்கொள்வார், நீ கந்தோர் துப்புரவில் இரு, பெர்மெசோவுக்குக் கடிதம் தருகிறோம் என்றாள். திறப்பை மேசையில் வைத்துவிட்டு வந்தான்.

அன்று அவனோடு நானும் சீசாவுக்குப் போனேன். தனியாகப் போகவிட மனமில்லை. குகனேஸ்வரி குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் உள்ளே போனதும், விமானத்துக்குச் சரியான நேரத்துக்குப் போனீர்களா என்று கேட்டாள். அவன் நாற்காலியை இழுத்து அவளுக்கு முன்னால் இருந்தான். கார் இனி இல்லை என்று சொன்னான். அவளுடைய கை நின்றுவிட்டது. அவளுடைய கண் போன இடத்தை நான் பார்த்தேன். பிள்ளையார் படத்துக்குக் கீழே, சந்தனக் கிண்ணம் இருந்த இடம் வெறுமையாக இருந்தது.

"உம்மடை சந்தனத்திலை ஒரு பிழையும் இல்லை," என்றான் நகுலேஸ்வரன். "அந்தப் பெட்டி இந்த நாட்டு வீதிக்கு உதவாது. பொட்டு வைச்சிருந்தாலும் ஒண்டுதான், வைக்காமல் விட்டிருந்தாலும் ஒண்டுதான். பினோ எனக்குச் சொல்லி ரண்டு மாதம். நான்தான் உமக்குச் சொல்லேல்லை. இவனையும் சொல்ல விடேல்லை."

அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். பிறகு அவனைப் பார்த்தாள். அவள் அழவும் இல்லை, குரலை உயர்த்தவும் இல்லை.

"எட்டு வெள்ளி," என்றாள். "எட்டு வெள்ளியும் நான் சாமிக்கு முன்னாலை நிண்டு மன்னிப்புக் கேட்டனான்."

அவள் வெங்காயத்தின் தோலை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, கையைக் கழுவித் துடைத்தாள். அலுமாரிக்குள்ளிருந்து சந்தனக் கிண்ணத்தை எடுத்து, இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்தாள். லைசென்சைத் தாங்கோ என்றாள். அவன் சேட்டுப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். அது இப்போது ஒரு பிளாஸ்ரிக் உறைக்குள் இருந்தது. படத்திலே படாமல் வையும் என்று பழக்கதோசத்தில் சொன்னான்.

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. உறைக்கு மேலால், படத்தில் இருந்த அவனுடைய நெற்றிக்கு நேரே, அளவாக ஒரு பொட்டு வைத்தாள். அது காயும்வரை கையில் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அவன் இப்போதும் அதைச் சேட்டுப் பையில் வைத்துக்கொண்டுதான் என்னோடு படி துடைக்க வருகிறான்.